இரண்டு தட்டு

ரேஸை நிறுத்தியிருக்கிறோம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், எந்த நேரமும் மறுபடி தொடங்கலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். கழற்றவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை. வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் பாதையின் வாயில் பத்தொன்பது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் முன்னால் நான். பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் இரண்டாவது. முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவள் கார்குழலி, இருபத்திரண்டு வயது, திருப்பூர்க்காரி, ஆறு வருஷம் நான் ஓட்டிய மஞ்சள் வண்டியை இந்த வருஷம் முதல் ஓட்டுகிறவள். அவள் இப்போது நேர்ச்சாலையின் கோடியில் டயர்களை அடுக்கிக் கட்டிய சுவருக்குள் வண்டியோடு செருகிக் கிடக்கிறாள். பார்த்தேன். நான்தான் பார்த்தேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் புழுதியைத்தான் பார்த்திருப்பார்கள். வளைவுக்கு நூறு மீட்டர் என்ற பலகை வந்தது, நான் பிரேக்கை மிதித்தேன், அவள் மிதிக்கவில்லை. இல்லை, மிதித்தாள், மிதித்திருப்பாள், கண் தெரிகிற யாரும் அங்கே மிதிப்பார்கள், வண்டிதான் கேட்கவில்லை. அங்கே ஒரு வளைவு இருப்பதே தெரியாத மாதிரி மஞ்சள் வண்டி நேராகப் போனது, வண்டியைப் பிடித்து நிறுத்தப் போட்ட மணலில் ஏறியது, மணல் பிடிக்கவில்லை, அப்புறம் டயர்கள் ஆகாயத்தில் இருந்தன. கறுப்புக் கறுப்பாக ஏழெட்டு டயர்கள், அவசரமே இல்லாமல் மேலே போய் அவசரமே இல்லாமல் இறங்கின. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் என் எஞ்சின்தான் கேட்டது. நான் வளைவைச் சரியாக எடுத்தேன். மூன்றாம் கியர், இரண்டாம் கியர், உள்விளிம்பு, வெளியே, எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. ஒருத்தி சுவரில் மோதிக்கொண்டிருக்கிற அந்த நொடியில் என் கையும் காலும் என்ன ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன.

மூர்த்தி, கேக்குதா, என்று காதுக்குள் ரேடியோவில் ஜெஸிந்தா. என் புது டீமின் எஞ்சினியர், தூத்துக்குடிக்காரி, குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கேக்குது என்றேன். "உங்க வண்டில எல்லாம் ஓகே. பிரேக் சூடு ஓகே, டயர் ஓகே. தண்ணி குடிங்க." குழலி எப்படி இருக்கா என்றேன். "இன்னும் தகவல் இல்ல. டாக்டர் போயிருக்காரு." பிறகு, "நீங்க பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்றேன்? வாய் தானாகச் சொன்னது. தண்ணீர்க் குழாயைக் கடித்தேன், வெந்நீர்தான் வந்தது, ஆவணி வெயிலில் வேறென்ன வரும். கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள், முன்னால் சிவப்பு விளக்கு, பக்கத்தில் இரண்டு கண்ணாடி, எனக்கு உலகம் இவ்வளவுதான். இடது கண்ணாடியில் ஒரு கைக்குட்டை அளவுக்கு என் பழைய பிட் தெரிகிறது. மஞ்சள் சட்டைகள் ஓடுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஓடுகின்றன. எங்கே ஓடுவதென்று தெரியாமல் ஓடுகிறார்கள். அதில் ஒரு சட்டை மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. மயிலண்ணன். மயில்சாமி, அந்த வண்டியை ஒவ்வொரு குழாயாக வெல்டிங் வைத்துக் கட்டின மெக்கானிக். ஆறு வருஷத்தில் ரேஸ் நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பார். எழுந்திரிங்கண்ணே என்று ஹெல்மெட்டுக்குள் சொல்கிறேன். எழுந்திருக்கவில்லை.

நீ அங்கேயே இருந்திருந்தால் இப்போது சுவருக்குள் நீ கிடந்திருப்பாய் என்று ஒரு குரல் சொல்கிறது. அப்படியானால் டீம் மாறினது நல்லதாகப் போயிற்று என்கிறதா அந்தக் குரல்? சீ. எந்த நேரத்தில் எதை நினைக்கிறது பார். பிப்ரவரியிலிருந்து இதே கேள்விதான், நான் மாறினது தப்பா, தப்பா, தப்பா. பல் துலக்கும்போது கேட்கும். மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாமிடம் வந்தவன் ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தது தப்பா? பழைய டீமின் முதலாளி சென்னியப்பன் சாருக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறை, அதன் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் பிறந்த வண்டி அது. இங்கே நீலச் சட்டை, குளுகுளு அறை வைத்த லாரி, நான் தும்மினால்கூடக் கோடு போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர். கூப்பிட்டார்கள், வந்தேன். வந்து இரண்டு ரேஸ், ஒன்றில் ஐந்தாமிடம், ஒன்றில் பாதியில் நின்றுபோனேன். அந்த இரண்டிலும் குழலி என் பழைய வண்டியை வைத்துக்கொண்டு ஒன்றில் முதல், ஒன்றில் இரண்டு. யூடியூபில் ஒருவன் வாக்கெடுப்பு வைத்தான், திருமூர்த்தி டீம் மாறினது தப்பா சரியா என்று. எழுபத்தொரு சதவீதம் தப்பு. சரி என்று போட்ட மிச்சப் பேரில் ஒருவன் நான், என் மனைவியின் போனிலிருந்து இன்னொன்றும் போட்டேன். சிரிப்பு வருகிறது. இந்த நேரத்தில் சிரிப்பு வருகிறதே, எனக்கு என்ன ஆகிவிட்டது. கோடியில் கத்தரிக்கிற மெஷின் சத்தம் கேட்கிறது. வண்டியைக் கத்தரிக்கிறார்கள். ஆறு வருஷம் நான் உட்கார்ந்த குழாய்களை அறுக்கிறார்கள், அவளை எடுக்க.

சொன்னேனே. எல்லாம் சொல்லித்தானே கொடுத்தேன். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம், வண்டி கைமாறினால் பழைய டிரைவர் வந்து புது டிரைவரை உட்காரவைத்துத் தன் கையால் பெல்ட் கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டுக் குனிந்து காதில் வண்டியின் குணத்தைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது. அந்த வண்டியைப் பெற்றெடுத்த மயிலண்ணனே வெளியே போய்விடுவார், அது புருசன் பொண்டாட்டி பேச்சாட்ட, நமக்கெதுக்குங் என்பார். என்ன சொன்னாய் என்று பிறகு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மரியாதைக் குறைவு. எனக்கு முன்னால் ஓட்டிய ஜோசப் என் காதில் பதினோரு விஷயம் சொன்னார், இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். நானும் போனேன், பிப்ரவரி வெள்ளிக்கிழமை, மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. சாயங்கால ரயில் இருந்தது, சென்னையில் மறுநாள் நீலச் சட்டைக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அவளை உட்காரவைத்துத் தோள் பெல்ட்டை இழுத்தேன், மெலிந்த தோள், கடைசி வரைக்கும் இழுக்க வேண்டியிருந்தது. குனிந்து சொன்னேன். மூன்றாம் கியருக்குப் போகும்போது அரை நொடி பொறு. மழை வந்தால் இடது கண்ணாடியை மறந்துவிடு, ஒன்றும் தெரியாது. சீட்டில் வலது பக்கம் ஒரு போல்ட் இடுப்பில் குத்தும், பஞ்சு வை. "பஞ்சு கொண்டாந்துருக்கேனுங்ணா" என்று சிரித்தாள். எட்டு விஷயமோ ஒன்பதோ சொன்னேன். நிமிரும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவுதானுங்களா? வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" அவ்வளவுதான் என்றேன்.

அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது, சத்தியமாக. இதில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. என் காலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. முதல் வருஷம், இதே ஓடுதளம், இதே வளைவு, பன்னிரண்டாம் லேப். மிதித்தேன், பெடல் அடிவரைக்கும் போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. நேரே மணலுக்குள் போய் நின்றேன், அன்றைக்கு எட்டாமிடத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன், வேகம் குறைவு, பிழைத்தேன். மயிலண்ணன் வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என் தொடையில் தட்டினார். "மின்னாடி சக்கரத்துல பேரிங்கு துளி ஆடுது கண்ணு. வளைவுல ஓரக்கல்லு மேல ஏறி எறங்குனா பிரேக் பேடு பொறகால தள்ளிப்போயிருது, மொத மிதி காத்துல போயிரும். நேர் ரோட்டுல போறப்ப எடது காலால பிரேக்க மொள்ள ரெண்டு தட்டு தட்டிக்க. பேடு எடத்துக்கு வந்துரும்." பேரிங்கை மாற்றினாலும் பத்து லேப் சூட்டுக்கு மறுபடி ஆடும். அந்த வண்டியின் பிறவிக்குணம் அது, இந்த ஓடுதளத்தில் மட்டும்தான் வெளியே வரும். ஜோசப் இங்கே ஓட்டியதில்லை, அவர் சொன்ன பதினொன்றில் இது இல்லை. இங்கேதான் ஓரக்கல் ஏறி இறங்கினதும் இவ்வளவு நீள நேர்ச்சாலை. கோயம்புத்தூரில் வராது, இரண்டு ரேஸும் அங்கேதான் நடந்தன, அவளுக்கு வரவில்லை. நேற்றுத் தகுதிச் சுற்று ஆறு லேப், அதிலும் வராது. தட்டினேன். முதல் வருஷம் எண்ணித் தட்டினேன், ஒன்று, இரண்டு. மூன்றாம் வருஷம் எண்ணவில்லை. ஐந்தாம் வருஷம் தட்டுகிறோம் என்பதே தெரியாது, கண் இமைக்கிறது யாருக்குத் தெரிகிறது. அதனால் காதில் சொல்லும்போது அது வரவில்லை. மறதி. மறதிக்கு யார் என்ன செய்ய முடியும், மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லலாம், சென்னியப்பன் சாரிடமே சொல்லலாம், அவர் முதுகில் தட்டி விடப்பா என்பார்.

காலையில் ஒன்பதே கால். வேண்டாம், அங்கே போகாதே. மெஷின் சத்தம் நின்றுவிட்டது, ஏன் நின்றது? எடுத்துவிட்டார்களா, இல்லை எடுப்பதில் இனிப் பயனில்லை என்று நிறுத்தினார்களா? ஜெஸிந்தா, சத்தம் நின்னுடுச்சு. "தெரியல மூர்த்தி. மூச்சை நிதானமா விடுங்க, உங்க இதயத் துடிப்பு இங்க நூத்தி எழுபது காட்டுது. நின்னுக்கிட்டிருக்கிற வண்டில நூத்தி எழுபது." அவளிடம் என் இதயமும் கோடாகத்தான் இருக்கிறது. கோடு. காலை ஒன்பதே காலுக்குக் கோட்டைத்தான் காட்டினாள், நேற்று நான் ஓட்டினதன் கோடு. "இது என்ன மூர்த்தி, நேர் ரோட்ல ஒவ்வொரு லேப்பும் ரெண்டு சின்ன மேடு? ஆக்ஸிலரேட்டர்ல கால் இருக்கும்போதே பிரேக்கைத் தொடுறீங்க." குனிந்து பார்த்தேன். இரண்டு மேடு, கொசு கடித்த மாதிரி, அடுத்தடுத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய வண்டிப் பழக்கங்க, விடமாட்டேங்குது என்றேன். "நம்ம வண்டிக்கு அது வேணாமே. லேப்புக்குத் துளி நேரம் போகுது." சரிங்க, காலைக் கட்டிப்போட்டுடறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது பிப்ரவரி வெள்ளிக்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. அவ்வளவுதானுங்களா? வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?

போனேன். அதையும் சொல்ல வேண்டும், எழுந்து போகத்தான் செய்தேன். லாரியைவிட்டு இறங்கி, பிட் பாதையில் அறுபது எழுபது அடி, மஞ்சள் பிட் வரைக்கும் போனேன். குழலி ஒரு டயர்மேல் உட்கார்ந்து டப்பாவில் தயிர்சோறு தின்றுகொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மயிலண்ணன் வண்டிக்கு அடியில், கால் மட்டும் வெளியே. சென்னியப்பன் சார்தான் முதலில், "என்னப்பா, வழி மறந்துட்டயா? உங்க பிட்டு அக்கட்ட இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேலிதான், அன்பான கேலி, அவர் குரல் எனக்குத் தெரியாதா. நானும் சிரித்தேன். சும்மா வந்தேன் சார் என்றேன். குழலி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "ஏதாச்சும் சொல்லோணுங்களாண்ணா?" என்றாள். கேட்டாள். இரண்டாவது தடவையும் அவளேதான் கேட்டாள். ஒண்ணுமில்ல, நல்லா ஓட்டு என்று சொல்லித் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். கேலி பண்ணினார்கள், மானம் போயிற்று, அதனால் திரும்பி வந்தேன் என்று மத்தியானம் வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் கதை விடுகிறாய் மூர்த்தி. சென்னியப்பன் கேலி பண்ணி உனக்கு என்றைக்கு மானம் போயிருக்கிறது.

நேற்றுத் தகுதிச் சுற்றில் அவள் என்னைவிட நொடியில் பத்தில் இரண்டு பங்கு முன்னால். நான் கட்டிக்கொடுத்த பெல்ட்டில், நான் பஞ்சு வைக்கச் சொன்ன சீட்டில் உட்கார்ந்து என்னைவிட வேகம். டயர்மேல் உட்கார்ந்து தயிர்சோறு தின்கிறவளைப் பார்த்தபோது அதுதான் மேலே வந்தது. இன்றைக்கும் இவள் ஜெயித்தால் எழுபத்தொன்று தொண்ணூறு ஆகும். அப்போது அந்த நினைப்பு வந்தது. வார்த்தையாக வரவில்லை, படமாக வந்தது. பத்து லேப்புக்கு மேல் பெடல் கீழே போகும், திகைப்பாள், வளைவில் அகலமாகப் போவாள், மணல் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள், அதற்குள் நான் உள்பக்கமாக முந்தியிருப்பேன். அவ்வளவுதான் நினைத்தேன். அகலமாகத்தான், சுவரை நினைக்கவில்லை, என் அம்மா மேல் ஆணையாகச் சுவரை நினைக்கவில்லை. எட்டாமிடத்து வேகத்தில் நான் மணலோடு நின்றேன். முதலிடத்து வேகத்தில் மணல் போதாது என்று ஆறு வருஷம் இதே வளைவை ஓட்டினவனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாம் லேப்பிலிருந்து காத்திருந்தேன். ஒவ்வொரு லேப்பும் நூறு மீட்டர் பலகையில் அவளைப் பார்த்தேன், ஒன்பதில் பிடித்தது, பத்தில் பிடித்தது. பதினொன்றில் நான் முன்கூட்டியே உள்பக்கம் ஒதுங்கியிருந்தேன், நுழையத் தயாராக. அதனால்தான் வளைவை அவ்வளவு சுத்தமாக எடுத்தேன். அதற்காகத்தான் அங்கே இருந்தேன். கடவுளே, நான் அதற்காகத்தான் அங்கே இருந்தேன்.

"மூர்த்தி. தகவல் வந்துடுச்சு." ஜெஸிந்தாவின் குரலில் முதல்முறையாக ஒரு தளர்வு. "பேசுறா. நினைவு இருக்கு. வலது கால்தான், முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல போயிருக்காம். எடுத்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க, சென்னியப்பன் சார் கூடப் போறாரு." உயிரோடு இருக்கிறாள். இருக்கிறாள், இருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டி ஹெல்மெட் பஞ்சில் இறங்குகிறது, துடைக்க வழியில்லை. வலது கால். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிற கால். "அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஆரம்பம். ஒன்பது லேப் இருக்கு, நீங்கதான் முதல்ல. மூர்த்தி, இது உங்க ரேஸ், முன்னால யாருமே இல்ல." யாருமே இல்லை. ஒன்பது லேப் ஒழுங்காக உருட்டினால் முதல் கோப்பை. நான் மாறினது சரிதான் என்று நாளைக்கே எழுதுவார்கள், பிழைத்தான், அந்த வண்டியில் இருந்திருந்தால் அவன் கதி என்று உச்சுக்கொட்டுவார்கள், எழுபத்தொன்று தலைகீழாகப் புரளும். யாருக்கும் தெரியாது. காதில் என்ன சொன்னாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதைக் குறைவு. அவள்கூட என்ன சொல்வாள், பிரேக் பிடிக்கலீங்ண்ணா என்பாள், நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன். இடது கண்ணாடியில் அந்த மஞ்சள் சட்டை இன்னும் தரையில்தான். நான் முறுக்கின நட்டுத்தானே, நான் வைத்த பேரிங்தானே என்று அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு இரவு தூங்க மாட்டார், நாளைக்கும் தூங்க மாட்டார். எனக்குத் தூக்கம் வரும். அந்த நினைப்பில்தான் கை ஸ்டியரிங்கைவிட்டு வந்தது. நெஞ்சில் இருந்த வட்டப் பூட்டைத் திருகினேன், ஆறு பட்டையும் ஒரே நேரத்தில் விட்டன.

என்ன பண்றீங்க, மூர்த்தி, மூர்த்தி என்று காதுக்குள் கத்தல், ஒயரைப் பிடுங்கினேன், நின்றது. ஜெஸிந்தா குடையோடு ஓடி வந்தாள், "வயித்தைக் கலக்குதா? வாந்தி வருதா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன், அதுவும் பொய் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இங்கிருந்தும் அறுபது எழுபது அடிதான். வண்டிகளுக்குள் உட்கார்ந்தபடி பதினெட்டு ஹெல்மெட்டுகள் என்னைப் பார்த்துத் திரும்பின. காலையில் இதே தூரம் எவ்வளவு சுலபமாகப் போய்ச் சுலபமாகத் திரும்பினேன்.

மயிலண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மடியில் குழலியின் டப்பா இருந்தது, கழுவாத தயிர்சோற்று டப்பா. "வா கண்ணு" என்றார். "உசுருக்குப் பழுதில்லைங்கறாங்க."

"ஆமாங்ண்ணே."

"பேரிங்கு நேத்துத்தான் மாத்துனேன் கண்ணு. புதுசு. இந்தக் கையாலதான் மாத்துனேன். ஆடும்னு தெரியும், இந்த ட்ராக்குல ஆடத்தான் ஆடும், அதுக்கென்ன பண்றது. ஆனா அதுக்குத்தான் வழி இருக்குதே." டப்பாவைத் திறந்தார், மூடினார். "நானு அப்பப்ப நெனைப்பேன், சொல்லலாமான்னு. அப்பறம் நமக்கெதுக்கு, மூர்த்தி காதுல சொல்லியிருப்பான், நாமளும் போயிச் சொன்னா அவன் சொன்னதுக்கு என்ன மருவாதின்னு உட்டுட்டேன். நீ சொல்லாம உடுவயா, உன்ற காலே அப்படித்தான அலையும்." என் முகத்தையே பார்த்தார், சந்தேகம் துளியும் இல்லாமல், ஒரு கணக்குப் புரியாதவர் கேட்கிற மாதிரி கேட்டார். "அந்தப் புள்ள ஏங்கண்ணு தட்டல?"

சைரன் ஒலித்தது. தொடங்க மூன்று நிமிடம். பின்னால் ஒவ்வொரு எஞ்சினாக உறுமத் தொடங்கியது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் சொல்லலைங்ண்ணே."

"ஆ?"

"சொல்லலை. அன்னைக்கு மறந்துட்டேன். இன்னைக்குக் காலைல நெனப்பு வந்துச்சு. சொல்லத்தான் வந்தேன். அவ கேட்டா, ஏதாச்சும் சொல்லோணுமான்னு கேட்டா. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

அவர் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார், என் நீலச் சட்டையை, கையிலிருந்த ஹெல்மெட்டை, கடைசியாக என் இடது காலை. பிறகு தரையில் கையூன்றி எழுந்தார், எழ இரண்டு முயற்சி ஆயிற்று. டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார்.

"வேன்ல ஏறு" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவகிட்ட நீயே சொல்லு. காதுல சொல்லாத. சாரு இருப்பாரு, அவ அப்பன் இருப்பான், எல்லாரும் கேக்கறாப்பல சொல்லு."

வேன் ஓடுதளத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது உள்ளே ரேஸ் தொடங்கிவிட்டது, முதல் வளைவுக்குப் பாய்கிற சத்தம் மதிலுக்கு மேல் வந்து மெல்ல மெல்லத் தேய்ந்தது. என் வண்டியை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். மயிலண்ணன்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் முதல் வாக்கியமாக என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியது. அதன் பிறகு நெடுஞ்சாலை, நேராக, காலியாகக் கிடந்தது. என் இடது கால் வேனின் தரையை இரண்டு முறை தட்டியது. மயிலண்ணன் திரும்பி அதைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.